உண்மையைச் சொன்னாலும் குற்றமா?

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது நம் சங்க அன்பர்களில் பலருக்கும் மாதம் ஒரு முறையாவது வாய்க்கும் அனுபவம். ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே பஸ் நிலையம், நடுவே ஆட்டோக்களின் வரிசை. பத்திரிகைக் கடையில் மலையாள நாளிதழ்களுக்கு இடையே நம் தமிழ் வார இதழ்களும் தொங்கும். பஸ் வரும்வரை தலைப்புகளை மேய்ந்துகொண்டு நிற்பது என் வழக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அப்படி நின்றிருந்தபோது, சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேகமாக என்னிடம் வந்தார். வஞ்சியூர் நீதிமன்றத்தில் நான் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும். முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஊருக்கா?" என்றேன்.

"ஊருக்கு எந்த முகத்தோட சார் போறது? இதைப் படிச்சுப் பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அவர் குடியிருக்கும் பகுதியில் குடியிருப்போர் சங்கத் தேர்தல். பொருளாளர் பதவிக்கு அண்ணாச்சி நிற்கிறார். பெயரில்லாத ஒரு நோட்டீஸ் வீடு வீடாகப் போடப்பட்டிருக்கிறது. அதே நோட்டீஸ் கைப்பேசி வழியே தென்காசி வரைக்கும் போய்விட்டது. அதில் இருந்தவை இரண்டே வரிகள். ஒன்று, 'சீட்டுப் பணத்தை விழுங்கியவரிடமா சங்கப் பணத்தைக் கொடுப்பது?' மற்றொன்று, 'இவர் மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் ஏன் நின்றது என்று கேளுங்கள்!'

"சார், முதல் வரி பச்சைப் பொய். ஒரு தவணை தள்ளிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ரசீது இருக்கு. அதுக்குக் கேஸ் போடலாம்னு வெச்சுக்குவோம். ரெண்டாவது வரிக்கு என்ன செய்யறது? நிச்சயதார்த்தம் நின்னது உண்மைதானே? உண்மையைச் சொன்னவன் மேல எப்படிக் கேஸ் போடறது? இப்போ தென்காசியில புதுசா ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். அவங்க கையிலேயும் இந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கு."

பஸ் வந்தது, போயும் விட்டது. அன்று அண்ணாச்சியிடம் நான் சொன்னவற்றையும், பிறகு தெரிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். பேசுகிற, எழுதுகிற, கைப்பேசியில் செய்தி அனுப்புகிற எல்லோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அவதூறு என்பது என்ன?

ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு விளையவேண்டும் என்ற நோக்கத்துடனோ, கேடு விளையும் என்று தெரிந்தோ, அவரைப் பற்றி மூன்றாம் நபர் ஒருவர் அறியும்படி குற்றம் சாட்டுவதே அவதூறு. பேச்சு, எழுத்து, சைகை, படம் எதுவானாலும் சரிதான். 'மூன்றாம் நபர் அறியும்படி' என்பது முக்கியம். ஒருவரை அவர் முகத்துக்கு நேரே, வேறு எவர் காதிலும் விழாமல் திட்டினால் அது அவதூறு ஆகாது, வேறு குற்றமாகலாம்.

1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் நம்மில் பலருக்கும் கேட்டுப் பழகியவை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதா வந்துவிட்டது. அவதூறு இப்போது அதன் 356-ஆம் பிரிவு. இலக்கணம் ஏறக்குறைய பழையதேதான். தண்டனையும் பழையபடி இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இவற்றோடு சமூக சேவை என்ற தண்டனையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நோட்டீஸ் எழுதியவர் நினைத்திருக்கலாம். அது நடக்காது. கிண்டலாகவோ, குத்தலாகவோ, 'அதுவா, இதுவா' என்று கேட்பதுபோலவோ சொன்னாலும் அவதூறுதான் என்று சட்டத்தின் விளக்கமே கூறுகிறது. சட்டத்தில் உள்ள உதாரணம் ஒன்று சுவையானது. 'அவர் மிகவும் யோக்கியர். அந்தக் கைக்கடிகாரத்தை அவர் திருடவே இல்லை' என்று ஒருவன் சொல்கிறான். திருடினார் என்று கேட்பவர் நம்பவேண்டும் என்பது அவன் உள்நோக்கமானால், புகழ்ச்சி போலத் தோன்றும் அந்த வார்த்தையே அவதூறு!

இறந்தவரைப் பற்றிச் சொன்னாலும், அவர் உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும் என்பதோடு குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தால் குற்றமாகும். கம்பெனிக்கும் சங்கத்துக்கும்கூட நற்பெயர் உண்டு.

எதைத் தாராளமாகச் சொல்லலாம்?

இதைப் படித்துவிட்டு யாரும் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டம் பத்து விதிவிலக்குகளைத் தந்திருக்கிறது. அவற்றுள் நமக்கு அன்றாடம் பயன்படக்கூடியவை இவை:

1. பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்லுதல். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்வதில் பொதுநன்மையும் இருக்கவேண்டும். (நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில், உண்மை என்று நிரூபித்துவிட்டாலே அவதூறு வாதம் விழுந்துவிடும். கிரிமினல் வழக்கில்தான் இரண்டும் வேண்டும்.)

2. அரசு ஊழியர் தம் கடமையைச் செய்யும் முறை பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்லுதல்.

3. நீதிமன்ற நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி வெளியிடுதல்.

4. மக்கள் முன் வைக்கப்பட்ட நூல், நாடகம், பேச்சு ஆகியவற்றை விமர்சித்தல். நம் ஆண்டு விழா நாடகம் சகிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் நாடகாசிரியர் வழக்குப் போட முடியாது. நாடகத்தை விட்டுவிட்டு அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எழுதினால் கதை வேறு.

5. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் புகார் கொடுத்தல்.

இந்த ஐந்தாவதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சியின் சீட்டுக் கணக்கில் உண்மையாகவே ஐயம் இருந்தால், சங்கத் தலைவரிடமோ காவல்துறையிடமோ கையெழுத்திட்டுப் புகார் கொடுத்திருக்கலாம். அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பெயரில்லாத நோட்டீஸுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பது அரிது.

சரி, இரண்டாவது வரிக்கு என்ன பதில்? அதற்கு நாம் சென்னைக்குப் போகவேண்டும்.

ஆட்டோ சங்கர் தந்த தீர்ப்பு

ஆறு கொலைகளுக்காக 1991-இல் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் என்ற கௌரிசங்கரை எல்லோருக்கும் நினைவிருக்கும். சிறையிலிருந்தபடியே சுமார் 300 பக்கத்தில் தன் வரலாற்றை அவன் எழுதினான். சில உயர் அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பும் அதில் இடம்பெற்றதாகக் கூறப்பட்டது. 1994-இல் 'நக்கீரன்' வார இதழ் அதைத் தொடராக வெளியிட முற்பட்டது. உடனே சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: இது பொய், வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. இதழின் ஆசிரியர் ராஜகோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இந்தியாவில் அந்தரங்க உரிமைக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. அதன் சாரம் இதுதான்:

ஒவ்வொரு குடிமகனுக்கும் 'என்னை என் போக்கில் விடு' என்று சொல்லும் உரிமை உண்டு. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர், சுதந்திரம் ஆகியவற்றுக்குள் அது அடங்கியிருக்கிறது. தன் குடும்பம், திருமணம், மகப்பேறு, தாய்மை, கல்வி முதலியவற்றை மறைவாக வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. அவர் சம்மதமில்லாமல் இவற்றைப் பற்றி எவரும் வெளியிடக்கூடாது. வெளியிட்டது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டல்ல. மீறினால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார்.

அண்ணாச்சியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவதூறு வழக்கில் உண்மை கேடயமாகும். அந்தரங்க வழக்கில் அந்தக் கேடயம் பயன்படாது. நிச்சயதார்த்தம் நின்றது உண்மையாகவே இருக்கட்டும். அது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். பொருளாளர் தேர்தலுக்கு நிற்பவர் அப்பா, மகள் அல்ல. தாமாகவே பொது விவகாரத்தில் இறங்குகிறவரின் நிலை சற்று வேறு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் அண்ணாச்சியின் பண நாணயத்தைப் பற்றிக் கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு. மகளைத் தெருவுக்கு இழுக்க எவருக்கும் உரிமை இல்லை.

அந்தத் தீர்ப்பு மறுபக்கத்தையும் மறக்கவில்லை. நீதிமன்ற ஆவணம் முதலிய பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம்; ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது. அதிகாரிகளின் அலுவல் சம்பந்தமான செயலைப் பற்றி எழுதியது பிழையாகவே இருந்தாலும், உண்மையைச் சரிபார்க்க நியாயமான முயற்சி செய்திருந்தால் போதும். அரசாங்கம் தனக்கு மானநஷ்டம் என்று நஷ்டஈடு கேட்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிவருமுன்பே ஒரு கட்டுரையைத் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை. தங்கள் பெயர் கெட்டதாகக் கருதினால் வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம். தூக்குமேடைக்குப் போகவிருந்த ஒரு கொலைக் குற்றவாளியின் கையெழுத்துப் பிரதியிலிருந்து இவ்வளவும் நமக்குக் கிடைத்தது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

நம் நகரம் தந்த பாடங்கள்

வெளிவருமுன் தடுக்கும் அதிகாரம் ஏன் கூடாது என்பதற்கு நம் திருவனந்தபுரமே சாட்சி. 'சுவதேசாபிமானி' பத்திரிகையில் திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை. 1910 செப்டம்பர் 26 அன்று அவரைக் கைது செய்து, வக்கம் மௌலவிக்குச் சொந்தமான அச்சகத்தையும் பறிமுதல் செய்தார்கள். எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. எல்லை தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். 1916-இல் கண்ணூரில் காலமாகும் வரை அவர் திருவிதாங்கூருக்குத் திரும்ப முடியவில்லை. திவானின் பெயர் கெட்டதா இல்லையா என்பதை விசாரித்துச் சொல்ல யாருமில்லாமல் போயிற்று.

எதிர்ப்பக்கத்துப் பாடமும் இதே ஊரில்தான் நிகழ்ந்தது. ஆட்டோ சங்கர் தீர்ப்பு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 1994 அக்டோபர் 20 அன்று திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண் ஒருவர் கைதானார். அங்கிருந்து கிளம்பியது இஸ்ரோ உளவு வழக்கு. அந்தப் பெண்ணைப் பற்றியும் பின்னர் கைதான அவருடைய தோழியைப் பற்றியும் அந்த நாளில் வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு, நாமும் எவ்வளவு ஆவலாகப் படித்தோம் என்பது நினைவிருக்கும். அவர்கள் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே அவை அச்சேறிவிட்டன.

நவம்பர் 30 அன்று விஞ்ஞானி நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார். நாகர்கோவிலில் பிறந்தவர், நம்மவர். 50 நாள் காவலில் இருந்தார். 1996-இல் சி.பி.ஐ. இவ்வழக்கில் ஆதாரமே இல்லை என்று அறிக்கை தந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று, அவருக்குக் கேரள அரசு 50 லட்ச ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் கேரள அரசு மேலும் 1 கோடியே 30 லட்ச ரூபாய் கொடுத்தது. 2019-இல் பத்மபூஷண் விருது. எல்லாம் சரி. இடையே கழிந்தது ஏறக்குறைய 24 ஆண்டு. அதே வழக்கில் சிக்கவைக்கப்பட்ட மற்றொருவர், சந்திரசேகர், தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் பெங்களூரில் காலமானார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த 50 லட்சம் போலீஸ் நடவடிக்கைக்காக அரசு தந்த ஈடு. கதைகட்டிய பேனாக்களும், அதை மென்று தின்ற வாய்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. வாசகர்களாகிய நாமும்தான்.

இது புதிய நோயும் அல்ல. 1944-இல் சென்னையில் 'இந்துநேசன்' நடத்திய லட்சுமிகாந்தன், சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை விற்றே பத்திரிகையை வளர்த்தார். அவர் கொலையான வழக்கில் தியாகராஜ பாகவதரும், நாகர்கோவில்காரரான என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, 1947 ஏப்ரலில் விடுதலையாகும் வரை சிறையில் கழித்தார்கள். பாகவதரின் திரையுலக வாழ்வு பழைய நிலைக்கு வரவேயில்லை.

வழக்கு என்றால் எங்கே, எப்படி?

அவதூறுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை. போலீஸார் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமல்ல இது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் கொடுக்கவேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுக்குள். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்கவேண்டும் என்பதும் முக்கியம். நடிகை குஷ்பு 2005-இல் அளித்த பேட்டிக்காகத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வழக்குப் போட்டார்கள். 23 வழக்குகளையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்களில் எவரும் தனிப்பட பாதிக்கப்பட்டவர் அல்லர் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் நீதிமன்றம். அதற்கு ஓர் ஆண்டுதான் கெடு. யோசித்துக்கொண்டே இருந்தால் வழக்கு காலாவதியாகிவிடும். நோட்டீஸின் மூலப்பிரதி, வந்த செய்தி, வந்த தேதி, படித்தவர்கள் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது முதல் வேலை. வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புவது இரண்டாவது. பெரும்பாலான தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். கோர்ட்டுக்குப் போன பிறகும் சமாதானமாகப் போக இச்சட்டத்தில் இடம் உண்டு.

இது குற்றமாகவே இருக்கக்கூடாது, நஷ்டஈடு போதும் என்ற வாதமும் உண்டு. சுப்பிரமணியன் சுவாமி முதலானோர் தொடுத்த வழக்கில் 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நற்பெயரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று கூறிவிட்டது. அதேசமயம் எல்லை மீறிய சட்டமும் நிற்பதில்லை. 2020 நவம்பரில் கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இழிவுபடுத்தும் செய்திக்கு மூன்று ஆண்டு வரை சிறை. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்' என்ற சமாதானமும் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்தவர் முன்ஜாமீன் கேட்டபோது, அனுப்புவதும் அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம்தான் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தென்காசிக்கு அந்த நோட்டீஸைத் தட்டிவிட்ட விரலுக்கும் இது பொருந்தும்.

அண்ணாச்சி என்ன செய்தார்?

வழக்கறிஞர் நோட்டீஸ் போன பத்தாம் நாள், எழுதியவர் யார் என்று தெரியவந்தது. நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பொதுக்குழுவில் எழுந்து நின்று, சீட்டு விஷயம் தவறு என்றும், பெண்ணைப் பற்றி எழுதியிருக்கக்கூடாது என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அண்ணாச்சி வழக்குக்குப் போகவில்லை. தேர்தலிலும் ஜெயித்தார்.

போன மாதம் மறுபடி தம்பானூரில் அவரைப் பார்த்தேன். தென்காசிச் சம்பந்தம் என்னாயிற்று என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்:

"மன்னிப்புக் கேட்டாங்க சார், நல்லதுதான். ஆனா நோட்டீஸைப் படிச்சவங்க எல்லாருமா அந்த மீட்டிங்குக்கு வந்தாங்க?"

என்னிடம் பதில் இல்லை. சட்டம் அபராதம் வாங்கித் தரும், மன்னிப்பு வாங்கித் தரும். படித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்த் திருத்தாது. புறங்கூறாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் செய்விக்கிறோம். அடுத்த முறை கைப்பேசியில் இப்படி ஒரு செய்தி வரும்போது அனுப்பாமல் நிறுத்தி, மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இது உண்மையா? இதில் பொதுநன்மை உண்டா? இது பிறர் வீட்டு உள்ளறைச் செய்தியா? இவற்றில் ஒன்றுக்கு விடை சரியாக இல்லாவிட்டாலும் அதை அங்கேயே அழித்துவிடுவோம்.